அசையாமல் நின்றவர்

கருங்காலிவயல்காரர்களை மனுஷர் கணக்கில் சேர்க்கலாமா வேண்டாமா என்பதில் குழந்தைவேலுவுக்கு அறுபது வயதாகியும் சந்தேகம் தீரவில்லை. பிறந்தது அந்த ஊரில்தான். அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்! பதினோரு வருஷம் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேற்பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி, காரைக்குடியில் மாடி வீடு கட்டி, வாசலெல்லாம் கிரானைட் பதித்து உட்கார்ந்தவர். ஊர்க்காரன் எவனாவது கல்யாணப் பத்திரிகையோடு வந்தால் செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்ற வேண்டும். காபி உண்டு. சோபா கிடையாது. அவர்களுக்கென்றே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு அந்த ஊரிலிருந்து ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. காளியம்மன் தேரின் முதல் வடம்.

வைகாசியில் தேர் ஓடும். பரிவட்டம் கட்டிக்கொண்டு, வடத்தின் தலைமாட்டைப் பிடித்து, தேரை நிலையிலிருந்து கிளப்புவது அவர்கள் குடும்பத்துப் பாத்தியதை. தாத்தாவுக்குப் பிறகு குழந்தைவேலுவின் அப்பா பிடித்தார். அப்பா கண்ணை மூடியபோது மகன் மலேசியாவுக்குப் போன புதிது. தேர் யாருக்காகக் காத்திருக்கும்? சித்தப்பா மகன் வயிரவன் பிடித்தான். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பதினோரு வருஷம். திரும்பி வந்த குழந்தைவேலு, "மூத்தவர் மகன் நான். நீ விடுடா" என்றார். "நீங்க இல்லாதப்பப் பிடிச்ச கையிண்ணே இது. எப்படி விடும்?" என்றான் வயிரவன்.

போன வருஷம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வடத்தைப் பாய்ந்து பிடித்து, ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளி, பரிவட்டம் இரண்டும் மண்ணில் விழுந்து, அம்மன் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றாள். பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். யார் கை முதலில் பட்டது என்று கேட்டால், ஆளுக்கொரு செல்போனை நீட்டினார்கள். அத்தனை படத்திலும் ஒரு வடம், நாற்பது கை. எந்தக் கை எவனுடையது என்று அம்மனுக்கே தெரிந்திருக்காது.

"வர்ற வருசம் ரெண்டு பேரும் தலைமாட்டுல நில்லுங்க. இங்குட்டு ஒருத்தரு, அங்குட்டு ஒருத்தரு" என்றாள் ஊராட்சித் தலைவி சின்னத்தாயி. "யாரு பிடிச்சுத் தேரைக் கிளப்புனதுன்னு சாட்சியோட வாங்க. அன்னைக்கு எழுதுறதுதான் எழுத்து. அதுக்கப்புறம் இந்தப் பேச்சை எவரும் எடுக்கக் கூடாது."

இந்தச் சின்னத்தாயி நூறு நாள் வேலையில் கண்மாய் வெட்டியவள். அவள் வாயால் தனக்குத் தீர்ப்பா! குழந்தைவேலுவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. எரிந்தாலும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தார். ஏனென்றால் வடம் வேண்டுமே. தேர் கிளம்பும்போது மைக்கில், "முதல் வடம், கருங்காலிவயல் பெரிய வீட்டு அம்பலம்!" என்று அவர் அப்பாவைக் கூப்பிடுவார்கள். அந்தக் கூப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் அவர். மலேசியாவில் பதினோரு வருஷம் அவரை "ஏய்" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு தடவையாவது அந்த மைக்கில் தன் பேர் வராமல் செத்துப்போவேனோ என்று அவருக்கு உண்மையிலேயே பயம் இருந்தது. வெளியில் சொல்லுவாரா? மீசை என்ன ஆகும்!

சாட்சி தேடிக் கிளம்பியவர், சத்தியப்பிரியாவின் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தார். திருப்பத்தூர்ப் பெண், முப்பது வயது இருக்கும், காரைக்குடியில் தனியாகக் கடை போட்டிருந்தாள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நல்ல பேர். பொம்பளை என்ன பெரிதாக எடுத்துக் கிழிப்பாள் என்ற நினைப்போடுதான் படியேறினார். சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு. போகிற வருகிற கூட்டம் முழுக்கக் கலைந்து, கரைந்து, முகமே இல்லாமல் கிடந்தது. நடுவில் பூக்கூடையோடு ஒரு பெண் மட்டும் பொட்டு முதற்கொண்டு தெளிவாக உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்படி?"

"அவங்க மட்டும் அசையலை சார். கேமரா கதவை அரை செகண்டு, ஒரு செகண்டுன்னு திறந்தே வச்சிருவேன். நடக்குறவங்க எல்லாம் கலைஞ்சு போயிருவாங்க. நிக்கிறவங்க மட்டும் அப்படியே விழுவாங்க."

"நான் நின்னா?"

"நீங்க அசையாம நின்னா நீங்கதான்."

ஒத்திகை பார்த்துவிட வேண்டும் என்று வாரச்சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தக்காளிக் கடைக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவே, ஜனம் நெருக்கியடிக்கிற பாதையில், வெள்ளை வேட்டி சட்டையோடு போய் நின்றார். ஒரு கை இடுப்பில், ஒரு கை மீசையில். சத்தியப்பிரியா எதிர்க் கடைத் திட்டில் ஸ்டாண்டைப் போட்டு, லென்ஸின் மேல் வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"யோவ், வழியில என்னய்யா கல்லு நட்டாப்புல!" என்று வெங்காய மூட்டை தூக்கிவந்தவர் முழங்கையால் இடித்துவிட்டுப் போனார். குழந்தைவேலு அசையவில்லை. ஒரு பெண், "எதையாச்சும் தொலைச்சுட்டீகளா?" என்று கேட்டாள். பதில் சொன்னால் வாய் அசையுமே! இன்னொருத்தி, "ஐயோ, இந்த மனுசருக்கு இழுத்துக்கிச்சு போல, பேச மாட்டேங்குறாரு" என்று கத்தி, பக்கத்துக் கடையில் சோடாவை உடைத்து அவர் முகத்தில் அடித்தாள். அப்போதும் கண்ணை மட்டும்தான் மூடினார். ச்சீ, என்ன ஜனம் இது என்று மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே நின்றார்.

படத்தைப் பார்த்ததும் சோடா, இடி, கருவாட்டு நாற்றம் எல்லாம் மறந்துபோயிற்று. அடேயப்பா! மூட்டைக்காரன் ஒரு சாம்பல் கோடு. சோடாக்காரி ஒரு சிவப்புத் தீற்றல். சந்தையே அடுப்புப் புகையாகச் சுருண்டு ஓட, நடுவில் ஒரே ஒரு மனுஷன். இத்தனை வருஷமாக அவர் மனசில் இருந்ததை அந்தக் கேமரா கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டது.

"பார்த்தியா, மத்ததெல்லாம் புகை. நான் மட்டும்தான் ஆளு" என்றார். "இதே மாதிரி தேர் கிளம்புறப்ப வேணும். நான் தெரியணும். வேற ஒரு பய தெரியக் கூடாது."

சத்தியப்பிரியா கொஞ்சம் யோசித்தாள். "சார், வடத்தைப் பிடிச்சு இழுத்தீகன்னா நீங்களும் அசைவீகளே. நீங்களும் கலைஞ்சுதான் போவீக."

"அப்ப இழுக்காம நிக்கிறேன்."

"வடத்தைப் பிடிச்சிருந்தாலே அது இழுத்துக்கிட்டுப் போயிரும் சார். ஒண்ணு செய்யட்டுமா? வேகமான ஷட்டர்ல, எல்லாரும் நின்ன மாதிரியே ஒரு படம் எடுத்துத் தர்றேன். நீங்க வடத்தைப் பிடிச்சிருக்கிறது கை ரேகை வரைக்கும் தெரியும். சாட்சிக்கு அதுதான் சார் சரியா இருக்கும்."

"அதுல வயிரவனும் தெரிவான்ல?"

"தெரிவாரு. எல்லாரும்தான் தெரிவாங்க."

"அப்ப அது வேணாம்."

"ரெண்டும் எடுக்கலாம் சார். ஒண்ணு சும்மா கையில இருக்கட்டும்."

"ஏம்மா, படம் எடுக்குறது உன் வேலை. எது வேணும்னு சொல்றது என் வேலை. அந்த நாற்பது கையோட என் கையும் சேர்ந்து கிடக்கிற படம்தான் ஊருல ஒவ்வொருத்தன் செல்போன்லயும் கிடக்கே. அதுக்கு நீ எதுக்கு?"

அவள் ஸ்டாண்டை மடக்கத் தொடங்கினாள். யானை தன் தலையில் மண்ணை வாரிப் போடும்போது பாகனே கையைப் பிடிக்க முடியாது. போட்டோக்காரி என்ன செய்ய முடியும்?

தேர் அன்று மத்தியானம் மூன்று மணிக்கே ரேஷன் கடை மாடியில் ஸ்டாண்டு ஏறிவிட்டது. அவள் அங்கிருந்து சிவப்புத் துண்டை உயர்த்தினால் குழந்தைவேலு அசையாமல் நிற்க வேண்டும், இறக்கினால் அசையலாம் என்று ஏற்பாடு. அவருடைய மனைவி சோலையம்மாள் பெண்கள் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். "இந்த வருசமாவது சண்டை போடாம இழுங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "சண்டையா? அந்தப் பயலோட எனக்கென்னடி சண்டை!" என்று பட்டுக்கரை வேட்டியை உதறிக்கொண்டு வந்தவர் இவர்.

பூசாரி இரண்டு பேருக்கும் பரிவட்டம் கட்டினார். வலப்பக்கம் குழந்தைவேலு, இடப்பக்கம் வயிரவன். வயிரவன் தோளில் ஒரு பச்சைத் துண்டு, இடுப்பில் நாலு முழ வேட்டி. காலில் வயல் சேறு காய்ந்திருந்தது. இதைத்தான் என் அப்பா நின்ற இடத்தில் நிற்க வைத்தார்கள் என்று குழந்தைவேலு அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்ணில் கிடந்த வடத்தையும் பார்த்தார். தேங்காய் நார் முறுக்கிய வடம், தொடைப் பருமன். போன வருஷம் அதைப் பிடித்து உள்ளங்கை உரிந்து பத்து நாள் தயிர் சாதம் பிசைய முடியாமல் போனது ஞாபகம் வந்தது.

சூடம் காட்டினார்கள். குலவை எழும்பிற்று. கொட்டு முழங்கியது. "பிடிங்கப்பா!" என்று பூசாரி கத்த, முந்நூறு பேர் குனிந்து வடத்தைத் தூக்கினார்கள். மாடியில் சிவப்புத் துண்டு ஏறியது.

குழந்தைவேலு இரண்டடி தள்ளி நின்றார். ஒரு கையை இடுப்பில் வைத்தார். ஒரு கையால் மீசையைப் பிடித்தார். சந்தையில் பழகிய பழக்கம், இமைகூட ஆடவில்லை. "இழு! இழு! தாயே!" என்று ஊரே அவரை உரசிக்கொண்டு போயிற்று. எவனோ ஒருவன் காலை மிதித்தான். எவனோ ஒருவனுடைய வேர்வை அவர் பட்டுக்கரையில் தெறித்தது. தேர் முனகியது, ஒரு குலுக்குக் குலுக்கியது, நிலையை விட்டு இறங்கியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துண்டு இறங்கிய பிறகு பார்த்தால் வடத்தின் தலைமாடு முப்பது அடி முன்னால் போய்விட்டது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்துபோனார். அதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மாடு இழுக்கிற வண்டிக்கு முதலாளி கூடத்தானே நடக்கிறான்?

மறுநாள் கம்ப்யூட்டரில் படத்தைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மீசை மயிரை எண்ணலாம். நெற்றியில் திருநீறு, பரிவட்டத்தின் மடிப்பு, கைக்கடிகாரத்தின் முள் வரை கச்சிதம். பின்னால் தேர் மங்கலாகச் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. இருபக்கமும் முந்நூறு பேர் புகையாகப் பறந்தார்கள்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? இந்த வடம்..."

"சொல்லாதே. பெருசு பண்ணு. ஆறடிக்கு நாலடி."

"இல்ல சார், ஒரு நிமிசம் பாருங்களேன்..."

"பார்த்தாச்சு. நீ நல்லாத்தான் எடுத்திருக்க. எடுத்ததோட நிறுத்திக்க."

வீட்டில் சோலையம்மாள் முன்னால் அதை விரித்துப் பிடித்தார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கீக. ஊரே இழுக்குது, நீங்க மட்டும் நிக்கிறீக" என்றாள்.

"அதான் வேணும்" என்று அவர் மீசையை நீவிக்கொண்டார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டார் மனுஷர்! சோலையம்மாள் சாப்பாடு எடுத்துவைக்கப் போய்விட்டாள். முப்பத்திரண்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எந்த இடத்தில் பேச்சு செலவாகாது என்று தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் கூட்டம். சின்னத்தாயி நடுவில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் வயிரவனைக் கேட்டார்கள்.

"எங்கிட்டச் சாட்சி ஒண்ணும் இல்ல" என்றான் வயிரவன். "இழுத்தேன். தேரு கிளம்புச்சு. படம் எடுக்க எல்லாம் ஆளு வைக்கல. வேணும்னா கையைப் பாருங்க." விரித்துக் காட்டினான். உள்ளங்கை உரிந்திருந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் உரிந்திருந்தது.

குழந்தைவேலு சத்தமாகச் சிரித்தார். "கையாம், காலாம்! சாட்சின்னா என்னன்னு தெரியுமாய்யா உங்களுக்கு? தெரியாட்டிப் பார்த்துக்கங்க."

சுருட்டிக் கொண்டுவந்திருந்த படத்தைப் பிரிக்கச் சொன்னார் காரோட்டியிடம். ஆறடி நீளத்துக்குப் படம் விரிந்தது. மண்டபமே "ஆத்தாடி!" என்றது. எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். இப்படி ஒரு படத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. குழந்தைவேலுவுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அந்த மைக்கும், அந்தக் கூப்பாடும், வரப்போகும் வைகாசியும் அவர் காதுக்குள் இப்போதே கேட்டன.

"இதுல நான் இருக்கேன். எல்லாருக்கும் தெரியுதா? இப்ப வயிரவனைக் காட்டுங்க பார்ப்போம். எங்க இருக்கான் அவன்?"

தேடினார்கள். "இந்தா, இந்தப் பச்சை. துண்டு தெரியுதுல்ல, இதுதான்" என்று யாரோ ஒரு தீற்றலைத் தொட்டுக் காட்டினார்கள்.

"பச்சைப் புகை!" என்றார் குழந்தைவேலு. "இந்தப் புகைதான் தேரைக் கிளப்புச்சாம்!"

சின்னத்தாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். குனிந்து, அவசரமே இல்லாமல் பார்த்தாள். ஆளெல்லாம் கலைந்து கிடந்த அந்தப் படத்தில், வடம் மட்டும் கலையவில்லை. நீளவாக்கில் நகர்ந்ததால் நூல் பிடித்த மாதிரி நேராக, ஒரே கோடாகக் கிடந்தது. அவள் விரல் அந்தக் கோட்டோடு போய், ஓர் இடத்தில் நின்றது.

"அண்ணே, இந்தப் பச்சைப் புகைக்குக் கை எங்கன இருக்கு?"

பின்னாலிருந்து ஒருத்தி, "வடத்துல!" என்றாள்.

"உங்க கை எங்கன இருக்கு?"

இதற்கும் அந்தப் பின்னாலிருந்தவளே பதில் சொன்னாள். "ஒண்ணு இடுப்புல. ஒண்ணு மீசையில."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பூசாரி கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதாவது குழந்தைவேலு, தொட்டுவிட்டுத்தான் நின்றேன், படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் விட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். ஊர் பாதி நம்பியிருக்கும். பெரிய வீட்டுக்காரர் என்று அந்த மரியாதை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் பொய் சொல்வதற்குக்கூட எதிரே இருப்பவனை ஒரு மனுஷனாக மதிக்க வேண்டுமே! நுணலும் தன் வாயால் கெடும்.

"எதுக்குடா சிரிக்கிறீக?" என்று கத்தினார். "வடம் இழுக்குறது கூலியாளு வேலை! நான் ஏன் இழுக்கணும்? நான் முன்னால நின்னாப் போதாதா? இழுக்கத்தானே உங்களை வச்சிருக்கு!"

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் வடம் இழுக்காத ஆண்பிள்ளை ஒருவர்கூடக் கிடையாது. அவருடைய அப்பாவும் தாத்தாவும் இழுத்ததை நேரில் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

"எழுதிக்கங்க" என்று சின்னத்தாயி நோட்டைப் பூசாரியிடம் நீட்டினாள். பூசாரி எழுத எழுத அவளே சொன்னாள். "முதல் வடம் வயிரவன் பிடித்தது. சாட்சி, குழந்தைவேலு அவர்கள் தாமே எடுப்பித்துக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டிய போட்டோ. அதில் அவர் வடம் பிடிக்கவில்லை. பிடிப்பது தம் வேலை இல்லை என்று அவரே கூட்டத்தில் சொன்னார். இனி இந்தப் பாத்தியதை வயிரவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும்."

பிறகு நோட்டைக் குழந்தைவேலு பக்கம் திருப்பி வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்கண்ணே. சாட்சி கொண்டுவந்தவுக நீங்கதானே."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆறடிக்கு நாலடி அளவில் வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். போட மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். போனால் ஊர்ப் பேச்சை மீறியவன் என்று தேரடிக்கே விடமாட்டார்கள். போட்டார். இனிஷியல் மறந்துபோய், மறுபடி சேர்த்தார்.

வயிரவன் எழுந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேலி பண்ணப் போகிறான் என்று குழந்தைவேலு பல்லைக் கடித்துக்கொண்டார். கேலியாக இருந்திருந்தால் பதிலுக்கு அவரும் நாலு கேட்டிருப்பார். அவன் அடங்கின குரலில், அக்கறையாகத்தான் சொன்னான்.

"அடுத்த வருசம் வாங்கண்ணே. எனக்குப் பின்னால ரெண்டாவது கையி உங்களுக்கு விடச் சொல்றேன். ஆனா பிடிச்சு இழுக்கணும். சும்மா நிக்கிறதுன்னா வேணாம், மத்தவுகளுக்கு இடைஞ்சல்."